வீதிப் பக்கத்துச் சுவர்

கிவிப் பழத் தோட்டத்தில் நாள் முழுக்கப் பூக்களுக்கு மகரந்தம் தடவிவிட்டுத் திரும்பிய லோ ஃபெங்சின் அக்கா, அன்று மாலை தன் வீட்டையே தாண்டிப் போய்விட்டாள். பக்கத்து வீடு என்னுடையது. வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே வந்து நின்று, திரும்பிப் பார்த்தாள்.

"அடியே சாய்லியன், என் சுவரு எங்கடி?"

சுவர் அங்கேயேதான் இருந்தது. சுண்ணாம்பு அடித்து வெள்ளை வெளேரென்று நின்றது. மழையில் மூன்று சக்கர வண்டிகளில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு வீடு திரும்பும் தோட்டத்துப் பெண்களை அதில்தான் அவள் முன்பு வரைந்திருந்தாள். ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி அந்தப் படத்தில் நானும் இருந்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க, விரல் விறைக்க விறைக்க அவள் வரைந்த படம் அது.

"ஊர்ச் செயலாளர் நியே ஆளுங்களக் கூட்டிட்டு வந்தாரு, அக்கா. எல்லாச் சுவரும் ஒரே மாதிரி இருக்கணுமாம். நான் கத்திப் பார்த்தேன், கேக்கல."

"எங்க வீட்டு மனுஷன் எங்க போனாரு?"

நான் அடுத்த பூண்டை எடுத்து உரித்தேன். அவள் புருஷன் தேஷுன்தான் அவர்களுக்கு ஏணி பிடித்தது. தேநீரும் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் லியூபோவைப் படக்கார ஊர் என்பார்கள். நிலமும் வேலையும் பொதுவாக இருந்த கம்யூன் காலத்தில், கிணறு வெட்டும் படைக்கு மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் தாளும் சாயமும் கொடுத்ததில் ஆரம்பித்தது. மற்றவர்கள் சிரித்த முகத்தோடு மண்வெட்டி பிடித்த தோழர்களை வரைந்தார்கள். சின்னப் பெண்ணாக இருந்த ஃபெங்சின், கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல வரைந்தாள். வட்டமாக வானம், சுற்றிலும் எட்டிப் பார்க்கும் தலைகள், எல்லோருடைய மூக்கு ஓட்டைகளும். தன் மூக்கை அடையாளம் கண்டுகொண்ட படைத்தலைவர் தாளைக் கிழித்துப் போட்டார். அதன்பிறகு கல்யாணம், பிள்ளைகள், பன்றிகள். படம் வாங்கும் கடைக்காரர்கள் கேட்டதெல்லாம் சிவப்புச் சேவலும் கொழுத்த மீனும்தான். அவளும் எல்லோரையும்போல வருஷக்கணக்காகச் சேவல் வரைந்தாள். தான் நினைத்ததைத் தன் இஷ்டத்துக்கு வரைந்தது அந்தச் சுவரில் மட்டும்தான்.

மறுநாள் காலையில் ஊர் அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"அத்தை, கோபப்படாதீங்க," என்றார் நியே. அவளைவிட இருபது வயது இளையவர். "சியான் நகரத்துலேருந்து சுத்திப் பாக்க வர்ற ஜனங்களுக்குப் பார்த்ததும் மனசு மலரணும். நீங்க மழையும் சேறுமா வரைஞ்சு வச்சிருக்கீங்க."

"மழை பேஞ்சா சேறு இருக்கும்டா! அது எங்க வீட்டுச் சுவரு."

"சுவரு உங்களுதுதான். வீதிப் பக்கம் ஊருக்குச் சொந்தம். படம் வரைய ஒரு கம்பெனியோட ஒப்பந்தம் போட்டாச்சு."

நகரத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். புரொஜெக்டர் வைத்துச் சுவரில் கோடு விழவைத்து, அதன்மேல் பியோனிப் பூக்களை அப்பினார்கள். எங்கள் ஊரில் எவரும் பியோனி வளர்ப்பதில்லை. அக்கா அவர்களைத் திட்டவில்லை. "பாவம், கூலிக்கு வந்த பிள்ளைங்க," என்று வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டுக்குள் வந்து பாத்திரங்களை உடைகிற மாதிரி அடுக்கினாள்.

நியே அதோடும் விடவில்லை. சுற்றுலா பஸ் வரும் நாட்களில், பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு தூரிகையோடு அந்தப் பியோனிக்கு முன்னால் அவள் உட்கார வேண்டுமாம். தேஷுன் கெஞ்சினார், அவளும் உட்கார்ந்தாள். கூட்டத்தில் ஒரு பெண் கைப்பேசியை நீட்டிக்கொண்டே, "பாட்டி, எல்லாம் நீங்களே வரைஞ்சதா?" என்று கேட்டாள்.

"இல்ல. என்னுது இதுக்கு அடியில கிடக்கு."

நியே ஓடிவந்தார். "அத்தைக்கு ரொம்ப அடக்கம்!" கூட்டம் கைதட்டியது. அன்று ராத்திரி அவள் நூடுல்ஸைத் தொடவில்லை.

ஒருநாள் விடிவதற்குள் எழுந்து, பியோனிகளின் மேலேயே இரண்டு வண்டிகள் வரைந்துவிட்டாள். மத்தியானத்துக்குள் நியேயின் ஆட்கள் வந்து அழித்துவிட்டார்கள். தேஷுன், "விட்டுத் தொலையேன், பூ நல்லாத்தானே இருக்கு?" என்றார். அப்புறம் பல நாள் அவர் சோற்றைத் தானேதான் போட்டுக்கொண்டார்.

வெளிச்சுவர் எதையும் தொட விடாததால் கடைசியில் கொல்லைக் கழிப்பறைக்குள் வரைந்தாள். உள்சுவர் முழுக்க, பனியில் குட்டி போடும் பெண்பன்றி. பக்கத்தில் விளக்கோடு அவள். வைக்கோலில் வாய் பிளந்து தூங்கும் தேஷுன்.

பஸ்ஸில் வந்த ஒரு கிழவருக்கு வயிறு கலக்கியது. அக்கா உள்ளே விட்டாள். போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. மனைவி பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். "இரு, இன்னும் குட்டிங்கள எண்ணி முடிக்கல!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. அவர் சொல்லிக் கேள்விப்பட்டு, அடுத்த பஸ்ஸில் வந்தவர்கள் நேராகக் கொல்லைக்கே வந்தார்கள். வரிசை எங்கள் வாசல் வரைக்கும் நீண்டது. நியே ஒரே வாரத்தில் 'ஓவியக் கழிப்பறை' என்று பலகை மாட்டிவிட்டார்.

"பார்த்தீங்களா அத்தை, உங்களுக்கு எவ்வளவு பேரு! இன்னும் நாலு வீட்டுக் கக்கூஸும் வரைஞ்சு குடுத்துடுங்க."

அக்கா கையில் துடைப்பம் இருந்தது. அத்தனை பேர் வந்துபோன இடத்தைக் கழுவுகிறவள் அவள்தானே! பலகையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கதவுக்குப் பூட்டுப் போட்டாள்.

"வயித்த வலிக்கிறவங்களுக்குத் தொறப்பேன். படம் பாக்க வர்றவங்களுக்கு வீதியில சுவரு இருக்கு. அத வெள்ளையடிச்சுக் குடு, வரையறேன்."

பஸ்ஸில் வந்தவர்கள் கொல்லையில் நின்று முணுமுணுத்தார்கள். நியே காலையில் வந்து கெஞ்சினார், மாலையில் மிரட்டினார். அவள் அசையவில்லை. பூட்டைத் திறந்தால் கூட்டம் உள்ளே புகுந்துவிடும் என்று, அவளும் தேஷுனும் அவசரத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். என் புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில் நியே இறங்கி வந்தார். வீதிப் பக்கம் முடியாது, ஒப்பந்தம் இருக்கிறது. பின்சுவரை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அது தோட்டத்துக்குப் போகும் வண்டிப் பாதையைப் பார்த்த சுவர். பஸ் அந்தப் பக்கம் வராது.

அக்கா எடுத்துக்கொண்டாள். கழிப்பறைக்கு வெளியே கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கும் வரிசையை வரைந்தாள். முன்னால் நியே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கதவைத் திறந்து பிடித்திருக்கிறார். மாலையில் தோட்டத்துப் பெண்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அந்தத் தொப்பிக்காரி மூஞ்சியப் பாருடி, இன்னும் கொஞ்சம் போனா அவ்வளவுதான்!"

"அக்கா, இவ்வளவு பேரு பாக்குறாங்களே, போதாதா?" என்றேன்.

"போதாதுடி. நீங்க என் மூஞ்சியத் தினமும் பாக்குறவங்க. எங்கிருந்தோ வர்றவன் நம்ம ஊருன்னா பியோனின்னு நெனச்சுட்டுப் போறான். அது எனக்கு ஆறல."

போன வாரமும் வீதிச் சுவரைக் கேட்டு அலுவலகத்துக்குப் போனாள். ஒப்பந்தம் முடியட்டும், பார்க்கலாம் என்றாராம் நியே. திரும்பி வந்து கதவை அவள் அறைந்த அறையில் எங்கள் அடுப்படி அலமாரியிலிருந்த மிளகாய் எண்ணெய் ஜாடி ஆடியது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.