பனிக்குப் போன என் பலகைகள்

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஸ்கூடாயில் சொந்தமாகப் பனிச்சறுக்குப் பலகை வைத்திருந்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. வருடம் முழுக்க வேர்த்து ஊற்றும் ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கே தெரியாது. தொழிற்சாலைப் பயிற்சிக்காக ஜப்பானில் ஒரு மலையூருக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு குளிர்காலம் விழுந்து எழுந்து சறுக்கப் பழகினேன். திரும்பும்போது பழைய பலகைகள் ஒரு ஜோடியும் அதற்கான பூட்ஸும் வாங்கி வந்தேன். பதினோரு வருடம் அலமாரி மேல் கிடந்தன. அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து, "இந்தக் கட்டைய இன்னும் தூக்கிப் போடலயா நீ?" என்பார்.

அதனால், யோங் பெங் ஊரில் அவர் வீட்டுத் தீபாவளிச் சாப்பாட்டில், "வருசக் கடைசில ஜப்பான் போறோம்டா, பனி பாக்க. நீயும் வர்றே. ஒன் சாமானையும் எடுத்துக்க" என்று அவர் சொன்னபோது எனக்குக் கை கழுவவே தோன்றவில்லை. எச்சில் கையோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். எந்த மலை நல்லது, எந்த மாதிரி ஜாக்கெட், பிள்ளைகளுக்கு எங்கே சொல்லிக்கொடுப்பார்கள் என்று எல்லாம் சொன்னேன். பலகையை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம் என்றும் சொன்னேன். "சொந்தச் சாமான் இருக்கும்போது எதுக்கு வாடக?" என்றார். பிறகு, எப்போதும் என் பையில் இருக்கும் பாஸ்போர்ட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். முதல் படம் கலங்கிவிட்டது என்று இன்னொன்றும் எடுத்தார்.

எங்கள் வீட்டில் அண்ணன் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் டிக்கெட்டைக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடும். நானும் கேட்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்தேன். புதுக் கையுறை வாங்கினேன். மாலையில் வேலை முடிந்து வந்து, அந்தக் கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு ஹாலில் குந்திக் குந்தி எழுந்தேன். தினமும் சாப்பிடும் கடையில் பாயிடம் இதைச் சொல்லிச் சொல்லி, அவர் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் என் பயணம் மனப்பாடம் ஆகிவிட்டது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் போன் செய்தார்.

"டிக்கெட் கெடைக்கலடா. எங்க ஏழு பேருக்கு ஆச்சு, ஒனக்கு எடுக்கப் போனா ஃபுல்லுங்கிறான். அடுத்த வருசம் போலாம் லா." உடனே அடுத்ததையும் சொன்னார். "ஆனா சாமான மட்டும் ஏர்போர்ட்டுக்குக் கொண்டாந்துரு. எங்க வேன்ல நீட்டு பேக் ஏறாது. அண்ணி தம்பிக்கும் ஒன்பதாம் நம்பர் காலுதான்."

மனசு விட்டுப் போயிற்று. இருந்தாலும் டிக்கெட் கிடைக்காததற்கு அவர் என்ன செய்வார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். விமானம் சிங்கப்பூரிலிருந்து. அங்கே நான் தினமும் வேலைக்குப் போவது மோட்டார் சைக்கிளில். ஆள் உயரப் பையை அதில் கட்ட முடியாது. அவர்கள் கிளம்பும் நாளில் பாய் கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றேன். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்லபடியா போயிட்டு வாங்க தம்பி. படம் எடுத்தாந்து காட்டணும்."

நான் போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடக்கிறவர்களுக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கி, மாடி ஏறி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, இறங்கி, மறுபடி பஸ் பிடித்து, அந்தக் கரையில் இதையே இன்னொரு முறை செய்ய வேண்டும். தோளில் பலகைகள், கழுத்தில் பூட்ஸ் பை. திரும்பும்போதெல்லாம் யாரையாவது இடித்து மன்னிப்புக் கேட்டேன். சோதனை இயந்திரத்தில் பையைப் பார்த்த அதிகாரி, தூண்டிலா என்று கேட்டார். ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம்.

விமான நிலையத்தில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இரண்டு பேர், அண்ணியின் அப்பா அம்மா, அண்ணியின் தம்பி எல்லோரும் புது ஜாக்கெட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்ன அதே மாதிரி ஜாக்கெட். நீளமான சாமானுக்குத் தனி கவுண்டர். அண்ணன் பயணத் தாளை என் கையில் திணித்து, "நீயே பேசு. இதப் பத்தி ஒனக்குத்தான் தெரியும்" என்றார்.

தாளைப் பிரித்தேன். ஏழு பெயரும் ஒரே பதிவில் இருந்தன. ஆறாவது பெயர் அண்ணியின் தம்பி. மேலே பதிவு செய்த தேதி. அது தீபாவளிக்கு மூன்று வாரம் முந்தைய தேதி. அவர் என் பாஸ்போர்ட்டை இரண்டு முறை படம் எடுத்த அன்று, அந்த ஏழு டிக்கெட்டும் அவரிடம் இருந்திருக்கின்றன. எனக்கு இடம் தேடிக் கிடைக்காமல் போகவில்லை. யாரும் தேடவே இல்லை.

"தீபாவளிக்கு முந்தியே எடுத்திட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இங்க வச்சி ஏண்டா கேக்குற? அன்னைக்கே சொல்லிருந்தா நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவ. சாமானும் குடுத்திருக்க மாட்ட."

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். அண்ணன் கேட்டு நான் எதை இல்லை என்று சொன்னேன்?

கவுண்டரில் இருந்த பெண் பையில் தொங்கிய அட்டையைக் காட்டி, இந்தப் பெயர் பதிவில் இல்லையே என்றாள். அண்ணன் என்னிடமே பேனா வாங்கி, என் பெயரை அடித்துவிட்டு மச்சான் பெயரை எழுதினார். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்திருக்க வேண்டும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வலது பூட்ஸின் கொக்கி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், கீழிருந்து அழுத்தணும் என்று அவன் மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணனை அவன் என்றா எழுதினேன்? சரி, இருக்கட்டும்.

லீவை ரத்து செய்ய வெட்கமாக இருந்தது. எட்டு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பாய் கடைப் பக்கம் தலை காட்டாமல், பின் சந்து வழியாகப் போய் மீ நூடுல்ஸும் முட்டையும் வாங்கி வந்து வேகவைத்துத் தின்றேன். நான்காம் நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஒரு படம் போட்டார். வெள்ளைச் சரிவில் என் இரண்டு பலகைகளும் நட்டு வைக்கப்பட்டிருந்தன. ஆள் யாரும் இல்லை. கீழே 'நம்ம சொந்தச் சாமான்' என்று எழுதியிருந்தார். அத்தைமார் எல்லோரும் கை கூப்பினார்கள்.

ஒன்பதாம் நாள் வேலைக்குப் போகிற வழியில் பாய் கடையில் உட்கார்ந்தேன். பாய் தானே டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க தம்பி, படம்?"

என் அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். கைபேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தேடினார்.

"நீங்க இதுல இல்லியே?"

"நான்தான் பாய் படம் எடுத்தேன்" என்றேன்.