ஒற்றைக்காது முயல் திரும்பிய மாதம்

வயது ஐம்பதைத் தாண்டியும் ஜோல்தோஷின் மனத்தை விட்டு அந்த முயல் போகவில்லை. சந்திரனுக்குப் போயே தீருவேன் என்று சவடால் பேசும் ஒற்றைக்காது முயல். யுரேனியச் சுரங்கத்து மனமகிழ் மன்றத்துக்கு வரும் சிறுவர் பத்திரிகையில் அதன் சித்திரக்கதை மாதாமாதம் வந்தது. அவரும் அண்ணன் கெஞ்சேபெக்கும் ஒரே போர்வைக்குள் தலையை நுழைத்துப் படித்து, வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். முயல் சந்திரனில் இறங்கிய கொஞ்ச நாளில் சுரங்கத்தை மூடினார்கள். மன்றத்துக்கும் பூட்டு விழுந்தது; கடைசியாக வந்த இதழ்கள் யாரும் பிரிக்காமலே உள்ளே கிடந்தன. முயல் பூமிக்குத் திரும்பியதா என்று தெரியாமலே அண்ணன் நாற்பது வயதில் இரத்தப் புற்றில் போய்ச் சேர்ந்தான்.

இந்த வசந்தத்தில் மலை சரிந்து மன்றத்தின் பின்சுவர் விழுந்தது. வேன் ஓட்டிப் பிழைக்கும் ஜோல்தோஷ், முள்வேலியைத் தாண்டி உள்ளே போய் ஒரு சாக்கு நிறையப் பத்திரிகைகளோடு வந்தார்.

மனைவி பாக்திகுல் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "வேலி போட்ட எடத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"காயிதம் கடிக்கவா போகுது?" என்றார்.

படுக்கையில் சாய்ந்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, மாலைக்கு ஓர் இதழாகப் படித்தார். கடைசி இதழை மட்டும் ஆசையாக மிச்சம் வைத்தார்.

சரிவுக்குப் பிறகு சுரங்கக் கழிவுமேடுகளின் கதிர்வீச்சை அளக்கத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கலீமா என்ற பெண் வந்திருந்தாள். தினமும் அவர் வேனில்தான் பயணம். ஒருநாள் மழைக்கு ஒதுங்கித் தேநீர் குடிக்க வீட்டுக்கு வந்தவள், கருவிப் பையைச் சாக்கின் அருகே வைத்தாள். உள்ளேயிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டது.

"பாய்கே," என்று அண்ணன் முறை சொல்லி அழைத்தாள். "இந்தச் சாக்குல என்ன இருக்கு?"

"எங்க முயல்," என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கணவன் மனைவி இருவரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாள். கையுறை மாட்டிக்கொண்டு பத்திரிகைகளைத் தடித்த பையில் அடைக்கத் தொடங்கினாள். கடைசி இதழை இன்னும் படிக்கவில்லை என்று ஜோல்தோஷ் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவளே பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். முயல் திரும்பிவிட்டது, ஊரே கொட்டு முழக்கி வரவேற்றது. அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது.

பையைக் கொண்டுபோய்த் தெருக்கோடியில் வைத்துவிட்டு வந்தாள். அப்போதும் கருவி ஓயவில்லை. அதை நீட்டியபடி சுவரோரமாக நடந்தாள். படுக்கைக்கு மேலே சத்தம் ஒன்றோடொன்று ஒட்டி, விடாத இரைச்சலானது.

"இந்தப் பூச்சுக்கு மண் எங்கேர்ந்து வந்துச்சு?"

"சுரங்கத்துலேர்ந்து. நல்ல நைஸ் மண்ணு, சும்மா கிடைச்சுதுன்னு அப்பா அள்ளிட்டு வந்து பூசினாரு. இந்தத் தெருவுல எல்லாரும் அதைத்தான் பூசினாங்க."

"இங்க யாரு படுக்கிறது?"

"இப்ப நாங்க," என்றாள் பாக்திகுல். "முன்னாடி இவரும் இவரு அண்ணனும்."

கலீமா கருவியை அணைத்தாள். அன்றே படுக்கையைச் சமையலறைக்கு இழுத்தார்கள். மறுநாள் அவள் பக்கத்து வீடுகளுக்குப் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் அதே இரைச்சல். வேறு வீடு தருவதாகச் சொன்ன அதிகாரிகள் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. மலைமேல் மழை மட்டும் விடாமல் பெய்துகொண்டிருக்கிறது.