ரசத்துக்குள் ஒளிந்திருந்த மைதா

போன வாரம் மரக்காணம் மளிகைக் கடையில் ஒரு பெருங்காய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். கடைக்காரர் பயந்தே போனார்.

காரணம் இருக்கிறது. எனக்கு இது நான்காவது மாதம். பசித்தால் குமட்டும்... சாப்பிட்டாலும் குமட்டும்! மற்றவர்களுக்கு டாக்டர் சொல்லும் வைத்தியம், எழுந்ததும் இரண்டு ரஸ்க். எனக்கோ கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் ஆகவே ஆகாது. நான்கு வருடமாக பிரெட், பிஸ்கெட், பூரி எதையும் தொட்டதில்லை. அதனால் தலைமாட்டில் பொரியை வைத்துக்கொண்டு படுத்தேன்.

நான் வாந்தியெடுக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. அங்கே விஜயா அக்கா. உப்பளத்தில் வேலை. தினமும் மதியம் எனக்கு ரசம் சாதம் கொண்டுவர ஆரம்பித்தார்.

"கோதுமை கொஞ்சங்கூட இல்லம்மா. அரிசி, புளி, மிளகு... அவ்ளோதான். சாப்புடு."

அமிர்தம்! ஆனால் ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பும், வலிக்கும், எல்லாம் வெளியே வந்துவிடும். எடை மூன்று கிலோ குறைந்தது.

"அடுத்த வாரமும் ஏறலைன்னா அட்மிட் பண்ணி டிரிப்ஸ் போட்டுடலாம்" என்றார் பாண்டிச்சேரி டாக்டர். திரும்பும்போது பஸ்ஸிலேயே கணவர் தோளில் சாய்ந்து அழுதேன். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஒரு வாய் சோறு தர என்னால் முடியவில்லையே?

மறுநாள்தான் அந்த மளிகைக் கடை. பொரி வாங்கப் போன இடத்தில், சும்மா நிற்காமல் டப்பாவைத் திருப்பிப் படித்தேன். கோந்து, மைதா, பெருங்காயம்... மைதாவா? அதுவும் கோதுமைதானே! கணவருக்கு வாசனை பிடிக்காது என்று நான் பெருங்காயமே வாங்கியதில்லை. அதனால் இத்தனை வருடம் தெரியவில்லை. விஜயா அக்கா வீட்டு அடுப்படியில் நான் பார்த்ததும் அதே டப்பாதான்!

அன்பாகச் சமைத்துத் தருபவரிடம் இதை எப்படிச் சொல்வது? மென்று விழுங்கிச் சொன்னேன்.

"இன்னாம்மா சொல்ற? அப்ப நானேதான் உன்ன வாந்தி எடுக்க வச்சேனா?"

அக்காவின் கண் கலங்கிவிட்டது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சங்கடமான சங்கடம்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார் – புது ரசத்தோடு. பெருங்காயம் இல்லை. பூண்டு இரண்டு மடங்கு.

"எங்க வீட்டுக்காரரும் இதத்தான் குடிச்சாரு. ஒரு வித்தியாசமும் தெரியல அவருக்கு. இருவது வருஷமா வேஸ்ட்டா போட்டிருக்கேன்!"

குமட்டல் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் வலி இல்லை, சாப்பிட்டது உள்ளேயே தங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் பசி... அட, வெறும் பசி! இந்த வாரம் எடை முக்கால் கிலோ ஏறியிருக்கிறது. டிரிப்ஸ் வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். நான் குதிக்காத குறைதான்.

விஷயம் உப்பளம் முழுக்கப் பரவிவிட்டது. நேற்று அக்காவோடு வேலை செய்யும் பக்கத்து ஊர் அனுமந்தைக்காரப் பெண் ஒருவர், சட்டி நிறைய மீன் குழம்போடு வாசலில் நின்றார்.

"இதுல கோதுமை எதுவும்..." என்று இழுத்தேன்.

"கொழம்புல கெடையாதுங்க. மீனு எதுனா தின்னுச்சான்னு மட்டும் கேக்க மறந்துட்டேன்!"