சிரம்பானுக்கு ஒரு மோதிரப் பயணம்

காலை மணி 6.00. ஏழாங்கட்டைத் தோட்டம்.

முள்ளுக்கம்பி கேட்டைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தவன் நான்தான். எதிலும் முதல் ஆளாக நிற்பது என் பழக்கம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இன்று ஒன்பது லாரிகளுக்குச் சொந்தக்காரன் என்றால் அது சும்மா வந்ததல்ல. ஆனால் இந்தப் பயணம் போன நாளில் எனக்கு வயது இருபத்திரண்டு. சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கு எங்கள் அரிசி போய்விடக் கூடாது என்று, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். காலை ஆறுக்குத் திறக்கும் கேட் மாலை ஆறுக்கு அடைத்துவிடும். அதற்கு மேல் வெளியே நிற்பவன் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை.

கோலா பிலாவிலிருந்து பஹாவ் போகும் சாலையில் ஏழாவது மைலில் எங்கள் தோட்டம். மைலை நாங்கள் கட்டை என்போம். நாலாங்கட்டையில் இன்னொரு தோட்டம். அங்கே பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் அஞ்சலையை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். மறுநாள் பரிசம். மாலையில் கூட்டம் கூட முடியாத காலம் என்பதால், மரம் வெட்டிப் பால் ஊற்றிவிட்டு வந்து பகல் ஒரு மணிக்குப் பரிசம் என்று ஏற்பாடு.

வழக்கமாக ஒரு சேலை, தேங்காய், வெற்றிலை பாக்கு போதும். அஞ்சலையின் தகப்பனார் முனியாண்டி மட்டும் மோதிரம் கேட்டார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பெண்ணுக்கு யாரோ போட்டதைப் பார்த்துவிட்டார்.

"அப்பன் ஆத்தா இல்லாத பையன். பத்துப் பேரு முன்னாடி எம்மவ வெரல்ல தங்கம் ஏறணும். ஏறலேன்னா விடு, மண்டோர் மவன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். மண்டோர் என்றால் எங்களை வேலை வாங்கும் கங்காணி.

சட்டைப் பையில் பணம் முப்பத்தைந்து வெள்ளி இருந்தது. கூடவே விரல் அளவும் இருந்தது. அளவு என்றால், மரத்தில் சீவிய கோட்டில் பால் காய்ந்து நாடாவாக உரிந்து வருமே, அந்தக் கோட்டுப்பால். மரத்தடியில் அஞ்சலையே தன் விரலில் சுற்றி முடிச்சுப் போட்டு அனுப்பியது. மூட்டை கட்ட, வாளிக்குப் பிடி சுற்ற, தலைமுடியை முடிய, எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அதுதான் கயிறு. அதில் ஏதாவது கோளாறு இருக்கும் என்று எங்கள் இரண்டு தோட்டத்திலும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காலை மணி 6.55. நாலாங்கட்டை.

மூன்று மைல் நடந்தே வந்தேன். நாலாங்கட்டைத் தோட்டத்து கேட்டுக்கு எதிரேதான் பஸ் நிற்கும். பஸ் ஏறுகிறவர்களையும் சோதித்துத்தான் விடுவார்கள். ஆண்களைச் சோதிக்க மலாய்க் கான்ஸ்டபிள். பெண்களைச் சோதிக்க ரோசம்மா என்ற தமிழ்ப் பெண். கிறிஸ்தவர், கணவர் இறந்துவிட்டார். தேநீர்ப் போத்தலைக் குலுக்கிப் பார்ப்பார், கொண்டையை அவிழ்க்கச் சொல்வார், மடியைத் தடவுவார். அவரைத் திட்டாத பெண் அந்தத் தோட்டத்தில் இல்லை.

என் பையிலிருந்து கோட்டுப்பால் வளையத்தை உருவிய கான்ஸ்டபிள், "கெத்தா சூரிகா?" என்றார். திருட்டு ரப்பரா என்று கேட்கிறார்.

ரோசம்மா திரும்பிப் பார்த்தார். "என்னா தம்பி, தொரை ரப்பரை வளையம் வளையமாத் திருடுறியா?"

"இல்லக்கா, அது அளவு. மோதிர அளவு."

அவர் வாங்கி இரண்டு விரலால் இழுத்தார். மணிக்கட்டையே நுழைக்கலாம் போல வளையம் விரிந்தது. புல்லு வெட்டப் போக வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"பொண்ணுக்கு வெரலா, இடுப்பா?" என்றாள் ஒருத்தி.

"சும்மா இருங்கடி" என்று அவர்களை அதட்டிவிட்டு ரோசம்மா என்னிடம் கேட்டார்: "மரம் வெட்டுற ஒனக்கே தெரியலியா? இழுத்தா நீளும், விட்டாச் சுருங்கும். பத்தர் எதை அளவுன்னு எடுப்பாரு? எந்தப் பொண்ணு?"

"முனியாண்டி மவ அஞ்சலை."

"அவளா? தெனம் விடியக்காலையில அவ கையை விரிச்சுப் பாக்கிறவ நான்தான்லா. அவ வெரலும் என் வெரலும் ஒரே அளவு. ஒருநாள் சேத்து வச்சுப் பாத்துச் சிரிச்சோம்."

சொல்லிக்கொண்டே தன் கல்யாண மோதிரத்தைச் சுழற்றிச் சுழற்றிக் கழற்றினார். என் உள்ளங்கையில் வைத்தார்.

"பத்தர்கிட்டே காட்டு. சாயங்காலம் ஆறுக்கு எங்க போலீஸ் லாரி கெளம்பிடும். அதுக்குள்ள கொண்டாந்து குடு."

"ஒங்களுக்குப் பயமா இல்லையாக்கா?"

"ஒன் ஐசியைப் பாத்தேன், பேரு ஊரு எல்லாம் அதுல இருக்கு. மூஞ்சியையும் பாத்துட்டேன். போ, பஸ் வருது."

நான் எத்தனையோ பெரிய மனிதர்களோடு கைகுலுக்கியிருக்கிறேன். அந்தப் பெண் போல என்னை நம்பியவர் ஒருவரும் இல்லை. இதை எந்தக் கூட்டத்திலும் சொல்வேன்.

காலை மணி 7.20. பஸ்.

நாலாங்கட்டையிலிருந்து கோலா பிலா நான்கு மைல், இருபது காசு. அங்கே வேறு பஸ் மாறி சிரம்பானுக்கு இருபத்து நான்கு மைல், ஒரு வெள்ளி பத்துக் காசு. ஊர் தாண்டியதும் நெல்வயல்கள், பிறகு ரப்பர், பிறகு புக்கிட் புத்தூஸ் மலை ஏற்றம். வளைவுக்கு வளைவு காடு சாலைமேல் சாய்ந்திருந்தது. அந்த மலையில் எத்தனையோ வண்டிகளைச் சுட்டிருக்கிறார்கள். நான் ரோசம்மாவின் மோதிரத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டேன். செத்தாலும் அது தொலையக் கூடாது என்று இருந்தது.

காலை மணி 10.10. சிரம்பான்.

எத்தனை சைக்கிள், எத்தனை கார், எத்தனை கண்ணாடி அலமாரி! நகைக்கடைத் தெருவில் நான்கு கடைகளை வெளியே நின்று பார்த்துவிட்டு, ஐந்தாவதில் நுழைந்தேன். தமிழ்ப் பத்தர் ஒருவர் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்த சின்னக் கடை. பெரிய கடைக்காரன் விளக்குக்கும் விசிறிக்கும் சேர்த்துக் காசு வாங்குவான் என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டவன் நான்.

பத்தர் மூன்று மோதிரங்களை எடுத்து வைத்தார். மூன்றும் அரைப் பவுன். சிவப்புக் கல் வைத்தது முப்பத்தாறு வெள்ளி. ரோஜாப்பூ செதுக்கியது முப்பத்து மூன்று. வெறும் வளையம் இருபத்தொன்பது.

என் கண் சிவப்புக் கல்லிலேயே நின்றது. முனியாண்டி வாயடைத்துப் போவார், மண்டோர் மகன் மூஞ்சி கறுத்துப் போகும்.

"செம்பு கொஞ்சம் கூடச் சேத்ததுல இதே மாதிரி இருக்கு. முப்பத்தொண்ணுக்குத் தர்றேன். பாத்தா வித்தியாசம் தெரியாது" என்றார் பத்தர். ஒளிக்காமல் சொன்னதற்கு அவருக்கும் நன்றி.

யோசித்தேன். அஞ்சலை அதைப் போட்டுக்கொண்டுதான் மரம் வெட்டுவாள். வாளி இடித்துக் கல் விழும். செதுக்கிய பூவுக்குள் பால் புகுந்து கறுப்பாக உறைந்துவிடும். ஊசியால்தான் குத்தி எடுக்க வேண்டும். எந்தப் படித்தவனுக்கு இது தோன்றும்?

"வெறும் வளையம் குடுங்க. பிசுபிசுப்பைத் துணியால தொடைச்சாப் போயிடும்" என்றேன்.

பத்தர் நிமிர்ந்து பார்த்தார். "பொண்ணு வேலைக்குப் போவுதா? அப்ப நீ சொல்றதுதான் சரி. அளவு?"

ரோசம்மாவின் மோதிரத்தைக் கொடுத்தேன். கூம்புக் குச்சியில் மாட்டிக் கோடு பார்த்தார். பிறகு கையில் எடை பார்த்தார். "நீ வாங்கறதைவிட இது கனமாச்சே. யாருது, ஒங்க அக்காளதா?"

"கேட்டுல சோதனை பண்றவங்களோடது. இன்னிக்குத்தான் மொத மொதப் பேசினேன்."

"இன்னிக்கா? ஒண்ணும் எழுதி வாங்கிக்கலியா?"

"மூஞ்சியைப் பாத்தாங்களாம்."

அவர் வளையத்தை நெருப்பில் காட்டி, தட்டி, அளவுக்குக் கொண்டுவந்தார். கூலியில் ஒரு வெள்ளியைத் தானாகவே கழித்தார். இருபத்தெட்டு வெள்ளிக்கு முடிந்தது.

பகல் மணி 12.30. பஸ் நிலையம்.

பஸ் இல்லை. மலைச் சாலையில் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம். மூன்று மணிக்குப் பட்டாளக் காவலோடு சரக்கு லாரிகள் மட்டும் போகும். பஸ் நாளைக்குத்தான் என்றார்கள். நாளைக்குப் போனால் பரிசம் போச்சு. அதைவிட, ஆறு மணிக்கு அங்கே ரோசம்மா வெறும் விரலோடு லாரி ஏறுவார்.

லாரி லாரியாக ஏறி இறங்கிக் கேட்டேன். ஏழு பேர் கையை ஆட்டிவிட்டார்கள். எட்டாவது லாரி பஹாவுக்குக் கருவாடும் சீனியும் ஏற்றியது. டிரைவர் வயதான மலாய்க்காரர். பாக் சிக், அதாவது பெரியவரே, என்று கூப்பிட்டு, இரண்டு மோதிரத்தையும் காட்டி, தெரிந்த மலாயில் கதையைச் சொன்னேன்.

"ரெண்டு மோதிரமா? பொண்ணும் ரெண்டா?" என்று சிரித்தார். பிறகு கதவைத் திறந்து, "நாயிக்லா!" என்றார். ஏறு என்று.

மாலை மணி 5.05. கோலா பிலா.

முன்னால் ஒரு கவச வண்டி, பின்னால் ஒன்று, நடுவே பதினோரு லாரிகள். நடக்கிறவன் எங்களை முந்தியிருப்பான். கோலா பிலாவில் காவல் வண்டிகள் நின்றுவிட்டன. மற்ற டிரைவர்கள் காப்பி குடிக்க இறங்கினார்கள். எல்லோரும் சேர்ந்து போகலாம், அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். மீதிச் சாலையும் ரப்பர்க்காடுதான். பாக் சிக் என் முகத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கவில்லை. தனி லாரியாக ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ஊர் எல்லைச் சாவடியில்தான் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். சீனி மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுத்தான் விட்டார்கள்.

மாலை மணி 5.50. நாலாங்கட்டை.

போலீஸ் லாரி உறுமிக்கொண்டு நின்றது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். ரோசம்மா மட்டும் கீழே நின்று, கார்ப்பரலின் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோதிரம் கடலைத் தாண்டிடுச்சுன்னு பந்தயம் கட்டுறானுங்க தம்பி" என்றபடி வாங்கி மாட்டிக்கொண்டார். "எங்கே, புதுசைக் காட்டு." போட்டுப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போனது. "கனமாத்தான் இருக்கு. கல்லு வைக்காம வாங்கினியே, புத்திசாலி."

அந்தப் பட்டம் எனக்கு இன்றும் போதும்.

நன்றி சொல்ல வாய் வருவதற்குள் லாரி அவரை ஏற்றிக்கொண்டது. பாக் சிக் ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட்டு, கேட் அடைப்பதற்குச் சற்று முன் ஏழாங்கட்டையில் இறக்கிவிட்டார். நீட்டிய இரண்டு வெள்ளியைத் தொடக்கூட இல்லை. அவர் கை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துத்தான் எனக்கும் லாரி ஆசை பிடித்தது.

இப்போது அதே சாலையில் என் லாரிகள் முக்கால் மணியில் சிரம்பானைத் தொடுகின்றன. யாரும் நிறுத்துவதில்லை, யாரும் பையைத் தடவுவதில்லை. நல்லதுதான். அன்றைக்குப் போகவர அறுபத்திரண்டு மைலும் யாராவது ஒருவர் கையைப் பிடித்துத்தான் கடந்தேன். இன்றைக்கு அந்தத் தேவையே இல்லை.

மறுநாள் பகல் மணி 1.00.

அஞ்சலை வீட்டு வாசலில் ஐம்பது பேர். மண்டோர் மகனும் வந்திருந்தான். மோதிரத்தை எடுத்து அவள் விரலில் போட்டேன். பாதி விரல் வரை போனது, கணுவில் நின்றுவிட்டது. ரோசம்மா பார்த்தது விடியற்காலை விரலை. இதுவோ இருட்டிலிருந்து கத்தி பிடித்து, வாளி தூக்கி, வெயிலில் வீங்கிய விரல். அழுத்தினேன். நகரவில்லை.

முனியாண்டி கழுத்தை நீட்டினார். "என்னாம்மா, சரியா இருக்கா?"

அஞ்சலை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேசி முடித்த பிறகு அதுதான் முதல் தடவை. பட்டென்று விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"அளவெடுத்துச் செஞ்சாப்பல இருக்குப்பா" என்றாள்.

பெண்கள் குலவையிட்டார்கள். தேநீர் வந்தது, ரொட்டி வந்தது. வந்தவர்கள் எல்லோரும் எழுந்து போகும்வரை அவள் அந்தக் கையை விரிக்கவே இல்லை.