ரெண்டு பெடல் அக்காவும் கியர் ஆயிலும்

டாக்ஸி நிறுத்தத்தில் அவளுக்கு 'ரெண்டு பெடல் அக்கா' என்று பெயர். இடது கால் பிறவியிலேயே வளைந்தது. கிளட்ச் மிதிக்க ஆகாது. கிளட்ச் இல்லாத, ரெண்டே பெடல் உள்ள ஆட்டோமேட்டிக் கார்தான் அவளுக்குக் கால், சோறு, கௌரவம் எல்லாம். பெயர் வைத்தவன் கிண்டலாகத்தான் வைத்தான். அவளோ அதையே காரின் பின் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொண்டாள். அப்புறம் எவன் கிண்டல் செய்வான்?

அந்தக் கார்தான் மேடு ஏறும்போது, கியர் மாறுகிற இடத்தில் விக்கல் எடுத்தாற்போல் குலுங்க ஆரம்பித்தது. வாங்கியதிலிருந்து கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றியதே இல்லை. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அதைத் தொடாதம்மா. கம்பெனிக்காரனே ஆயுசுக்கும் மாத்த வேணாம்னு சொல்றான். பழைய ஆயில்ல தேஞ்ச தூள் கலந்து கிடக்கும், அந்தப் பிடிப்புலதான் ஓடுது. புதுசு ஊத்தினா வழுக்கி, ஒரேயடியா நின்னாலும் நிக்கும்."

கூட வந்த அண்ணன் தலையாட்டினான். தங்கை டாக்ஸி ஓட்டுவது அவனுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. நல்ல சாக்கு கிடைத்துவிட்டது.

"இந்த விக்கல் வெளிய தெரியறதுக்குள்ள காரை யார் தலையிலயாவது கட்டிட்டு வீட்டோட இரு. நாங்க சோறு போட மாட்டோமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தையாக இருந்தபோது ஒரு டாக்டர், மாவுக்கட்டுப் போட்டே காலை நிமிர்த்திவிடலாம் என்றார். வீடே கூடிப் பேசி, தொட வேண்டாம், தொட்டால் உள்ளதும் போய்விடும் என்று முடிவு கட்டியது. மீசை அரும்பிய அண்ணனும் பெரிய மனுஷனாட்டம் இப்படித்தான் தலையாட்டினானாம். ஆளான பிறகு வேறொரு டாக்டர், "அப்பவே வந்திருக்கலாமே" என்றார். அன்றைக்கு அவள் அழவில்லை. நேராகப் போய் லைசென்ஸுக்கு மனுப் போட்டாள்.

"மாத்துங்க. பழி என் தலையில," என்றாள் மெக்கானிக்கிடம்.

அவர் முனகிக்கொண்டே, உள்ளே மெஷின் வைத்துக் கழுவாமல், தானாக வடிந்த பழசின் அளவுக்கு மட்டும் புதுசு ஊற்றினார். சில நாள் ஓட்டிவிட்டு, மீதியை மாற்ற மறுபடி வரச் சொன்னார். வடிந்தது கறுப்பாக இருந்தது, கருகின வாடையடித்தது.

அவள் கியரைப் போட்டாள். கார் ஒரு கணம் சும்மா நின்றது. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நகர்ந்தது. தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். விக்கல் பாதி குறைந்திருந்தது, முழுசாகப் போகவில்லை. அவள் இறங்கி ஒருமுறை குனிந்து அடியில் ஒழுகுகிறதா என்று பார்த்தாள்.

"இன்னிக்கு ஓடும். நாளைக்கு நடுரோட்டுல நின்னுட்டா?" என்றான் அண்ணன்.

"நின்னா, நான் தொட்டதாலதான் நின்னுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லு. கூட வந்து நானும் சொல்றேன்." மறுபடி உட்கார்ந்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். "தொடாம விட்டதால கெட்டது ஒண்ணு இதோ இருக்கு. அதை இத்தனை வருஷத்துல நீங்க யாரும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லையே அண்ணா."

போன் அடித்தது, சவாரி.

"மேட்டுத் தெருவா? வரேன்," என்றாள்.