சுவர் தெரிந்த முகம்

மாசாய் ஊரில் எங்கள் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களுக்கெல்லாம் பேச்சியம்மாளைத் தெரியும். ஏறியதுமே ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். தொழிற்சாலை வந்ததும் நான்தான் தட்டி எழுப்புவேன். குளுவாங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள். கல்யாணமான புதிதில் வாஷிங் மெஷின் மோட்டார் பூட்டும் லைனில் வந்து நின்றவர், பேரன் பிறந்த பிறகும் அங்கேயேதான் நிற்கிறார். கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக் கிடக்கிறது.

லைனுக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் வேலை பழக்கியவர் அவர்தான். ஆனால் ஆண்டு விருந்துப் படங்களில் தேடிப் பாருங்கள், கடைசி வரிசையில் பாதி முகம்தான் இருக்கும். "கருப்பி முன்னால நின்னா ஃபோட்டோவே இருட்டாயிரும்" என்று அவரே சிரித்துக்கொண்டு பின்னால் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் கம்பெனி ஒரு புதுக் கண்ணாடியைக் கொண்டுவந்தது. மூக்குக்கண்ணாடி மாதிரிதான். மாட்டிக்கொண்டால் எதிரே இருக்கிற மேசையும் தெரியும், அதன் பக்கத்தில் வெளிச்சத்தால் ஆன ஓர் ஆள் நின்று வேலை கற்றுக்கொடுப்பதும் தெரியும். அந்த ஆளாகப் படம் பிடிக்கப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்கள்.

அன்று தலையைப் படிய வாரி, பவுன் தோடு போட்டு வந்திருந்தார். "இந்த ஒரு தடவ நான் முன்னால நிக்கிறேன் லா" என்றார். இவ்வளவு ஆசையை இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாரோ!

என்ஜினியர் பிரையன், பக்கத்துத் தம்போய் ஊர்ப் பையன். படம் பிடித்து முடித்ததும் கண்ணாடியை முதலில் அவருக்கே மாட்டிவிட்டான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, என் மொகத்துல செவுருதான் தெரியுது."

நானும் வாங்கிப் பார்த்தேன். நீலச் சட்டை இருந்தது. பல் இருந்தது, தோடு மின்னியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் தொழிற்சாலையின் வெள்ளைச் சுவர்.

பிரையன் தலையைச் சொறிந்தான். "அக்கா, இது வெளிச்சத்தக் கூட்ட மட்டுந்தான் செய்யும். இருட்டக் காட்டத் தெரியாது. கருப்புன்னா அதுக்கு அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி. சுத்தி இருக்கிற லைட்டக் கொறைச்சா கொஞ்சம் தெரியும், ஆனா லைன்ல அதுக்கு விடமாட்டாங்க. அதனால மொகத்தோட கலரத்தான் ஏத்தணும்."

"ஏத்துப்பா" என்றார் பேச்சியம்மாள், களைப்பாக.

ஏற்றினான். சுவர் மறைந்து, சிவப்பாய்ப் பளபளவென்று எவளோ ஒருத்தி வந்து நின்றாள். குரலுக்கு மலாய் மொழியில் பேச வேறொரு பெண்ணைப் பிடித்தார்கள். அவருடையதென்று மிச்சமிருந்தது கை செய்த வேலை மட்டும்தான்.

"கல்யாணத்துக்கு முந்தியே இந்தக் கலர் கெடச்சிருந்தா மாப்பிள்ள வீட்டுல வாயத் தொறந்திருக்க மாட்டாங்க" என்று சிரித்தார். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது, அதுவும் கோபத்தில்.

போன வாரம் லோஷினி என்ற புதுப் பெண் கேன்டீனில் எங்கள் மேசைக்கு வந்தாள். சேர்ந்ததிலிருந்து அந்தக் கண்ணாடியில் வேலை படித்துக்கொண்டிருப்பவள். பேச்சியம்மாள் எதிர் நாற்காலியில் காலை நீட்டிப் பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, கண்ணாடில வர்றாங்கல்ல, அவங்க எந்த ஷிஃப்ட்? ரொம்பப் பொறுமையா சொல்லித்தர்றாங்க. நேர்ல பாத்து ஒரு தேங்க்ஸ் சொல்லணும்."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் பேச்சியம்மாள் என் கையை அழுத்தினார்.

"நான் பாத்தா சொல்றேம்மா" என்றார்.

மணி அடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, லைனுக்கு நடந்தார்.