பொட்டு வைத்த ஆக்சிஜன் மெஷின்

இல்லை, தொலையவில்லை. கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் அடையாறு அபார்ட்மென்ட்டில் எல்லோரும் சேர்ந்து வாங்கிய ஆக்சிஜன் மெஷின் பத்திரமாகத்தான் இருந்தது. அசோசியேஷன் அறையில், பிளாஸ்டிக் உறைக்குள், சந்தனமும் குங்குமமுமாக.

இன்று காலை கீழ்வீட்டு ஸ்டெல்லா டீச்சருக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. ஓடிப்போய் மெஷினைத் தூக்கி வந்து ஆன் செய்தோம்.

பீப் பீப் என்று கத்தியது. ஆக்சிஜன் வரவில்லை.

டீச்சர் பேச முடியாமல் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கடைசியா எப்ப இதை ஓட்டிப் பாத்தீங்க அங்கிள்?" என்று அசோசியேஷன் செக்ரட்டரியிடம் கேட்டேன்.

"சும்மா சும்மா ஓட்டினா கெட்டுப்போயிடும்மா. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் துடைச்சுப் பொட்டு வெக்கறோமே!"

"மூச்சு விடறதுக்குப் பொட்டு எதுக்கு அங்கிள்?"



ஒருவழியாக ஆம்புலன்ஸ் வந்தது. டீச்சர் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தேறிவிட்டார். நான் திரும்பி வந்தபோது செக்ரட்டரி மெஷினுக்கு மறுபடியும் உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த கொரோனா வந்தா வேணுமேம்மா."

உங்கள் அபார்ட்மென்ட்டிலும் இப்படி ஒரு சாமி இருந்தால், இன்றே சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

நான் மெஷினை ஆட்டோவில் ஏற்றி சர்வீஸுக்குக் கொண்டுபோனேன்.